கதவு வரிசைக்காரன்

மச்சான்,

இன்று காலை துபாய் ஜெபல் அலி குடோனுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு ஜோடி கையுறை. புல்லின் பச்சை அங்கங்கே ஒட்டிக் காய்ந்திருந்தது. வலது கையின் சுட்டுவிரல் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. உள்ளங்கைப் பக்கம் தொட்டுப் பார்த்தேன். பசை தடவியதுபோல விரலைப் பிடித்துக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனேன். வேர்வையும் ரப்பரும் கலந்த அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற உன் லோடிங் கையுறையிலும் இதே வாசனைதான், கொஞ்சம் மிளகாய்த் தூள் அதிகம், அவ்வளவுதான்.

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. உன் மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது என்று உனக்கே தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரே வரி எழுதியிருந்தான்: "அப்பாவோடதுக்குப் பக்கத்துல மாட்டுங்க அங்கிள்."

மாட்டிவிட்டேன். அதன் பிறகு வேலை ஓடவில்லை. நம்மிடம் சரக்கு எடுக்கிற மொம்பாசாக்காரன் இரண்டு தடவை போன் அடித்துவிட்டான். நான் எடுக்கவில்லை. வியாபாரத்தில் நான் போன் எடுக்காமல் விட்ட நாள் உனக்குத் தெரியும், விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு உன்னிடம் பேசத் தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே விமானத்தில், ஒரே ஏஜென்டின் கையால், இரண்டு வருஷக் கான்ட்ராக்டில் வந்து இறங்கியவர்கள். கேம்ப் அறையில் உன் கட்டில் கதவோரம். ஆறடி இரண்டங்குல ஆளுக்கு அந்தக் கட்டில் எங்கே போதும்? உன் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டியூட்டிக்குப் போகிற வருகிறவன் எல்லாம் அதில் இடித்துவிட்டு, "பாய், காலை மடக்கு" என்பான். நீ தூக்கத்திலேயே, "மடக்கினா முட்டி கூரைல இடிக்கும்டா" என்பாய்.

நான் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு மூட்டை வாங்கி விற்கிற பக்கம் போனேன். நீ தூக்குகிற பக்கமே நின்றாய். ஏழு வருஷம் கழித்து எனக்கென்று ஒரு குடோன் எடுத்ததும் உன்னைக் கூப்பிட்டேன். "சேட்டு கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். அன்றைக்கு வைத்த பெயர், கடைசிவரை நீ என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உன் விசா என் கம்பெனி மேல், உன் குடும்பத்தின் விசா உன் மேல். அஜ்மானில் ஒரு சின்ன ஃபிளாட் எடுத்து உன் மனைவியை, எனக்குத் தங்கச்சியை, வரவழைத்தாய். கதிர் இங்கேதான் பிறந்தான்.

எனக்கு முதலில் வந்த பெரிய அடியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குடோன் எடுத்த புதிதில் நான் அனுப்பிய ஒரு கன்டெய்னரை அந்தப் பக்கம் திறந்தபோது, கதவோரத்து மூட்டைகள் சரிந்து திறந்தவன் காலில் விழுந்தன. கால் முறிந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினார்கள். நீ அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உள்ள எப்படி வேணாலும் அடுக்கு சேட்டு. கடைசி ரெண்டு வரிசைய எனக்கு விடு" என்றாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கதவு வரிசையை நீதான் போட்டாய். ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்கே, மேலே ஏறும்போது உள்பக்கம் ஒரு விரல் சாய்மானம். கதவைச் சாத்தி சீல் போட்டதும், இரண்டு கையுறையையும் இரண்டே தடவை சேர்த்துத் தட்டுவாய். மிளகாய்த் தூசி பறக்கும். அதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம். இருபத்தைந்து வருஷத்தில் ஒருவன்கூட ஒரு மூட்டை சரிந்தது என்று போன் செய்ததில்லை. செய்யாததால் உன் பெயரும் எவனுக்கும் தெரியாது.

கதிர் உன்னைவிட மூன்றங்குலம் உயரமாக வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடினான். பிறகு துபாயில் ஏதோ ஒரு மைதானத்தில் அமெரிக்கக்காரர்கள் சனிக்கிழமைகளில் ஆடுகிற, பந்தைக் கையில் பிடித்து மோதிக்கொண்டு ஓடுகிற அவர்கள் ஊர் ஃபுட்பாலுக்குப் போனான். அங்கிருந்து ஒரு காலேஜ்காரன் உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்கே கூட்டிப் போனான். எனக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு லீவில் வந்திருந்தபோது உங்கள் சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை வரிசையாக வைத்து நமக்கு விளக்கினான், ஞாபகம் இருக்கிறதா?

"அங்கிள், இந்த அஞ்சு டம்ளரும் சுவர். இவங்க வேலை எதிராளிய உள்ள விடாம தள்றது. இந்தச் சுவரோட கோடியில நிக்கிறது நான். டைட் எண்ட்னு சொல்லுவாங்க. நானும் தள்ளணும். திடீர்னு ஒரு சமயம் தள்றத விட்டுட்டு வெளிய ஓடி பந்தப் பிடிக்கவும் செய்யணும்."

"ரெண்டு வேலையும் ஒரே ஆளா? சம்பளம் ஒண்ணுதானே குடுக்குறான்?" என்று நான் கேட்டேன்.

நீ என்னைக் கவனிக்கவே இல்லை. கோடியில் நின்ற டம்ளரை ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தாய். "கதவு வரிசை" என்றாய். அவ்வளவுதான். உனக்கு அந்த ஆட்டம் அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் மூன்று வருஷம் ஆனது.

இனி என் தப்புக்கு வருகிறேன். உன்னிடம் நேரில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டியது. கௌரவம் விடவில்லை.

டிசம்பரில் கதிர் படிப்பை முடித்தான். பிப்ரவரியில் வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனான். காலேஜ் மூலம் எந்த அணியும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய அணி, பயிற்சி முகாமுக்கு வந்து காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்றது. ஜூலைக் கடைசியில் தொடக்கம். தொண்ணூறு பேர் போவார்கள், ஆகஸ்ட் கடைசியில் பாதிப்பேர் வீட்டுக்கு. இங்கே நம் சங்கதி உனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ரெசிடென்ஸ் விசா செத்துப்போகும். படிக்கிறவரை காலேஜ் கடிதத்தைக் காட்டிச் சமாளித்தோம். இப்போது கடிதம் இல்லை. ஆகஸ்ட் பாதிக்குள் அவன் துபாய் ஏர்போர்ட்டில் வந்து இறங்கியாக வேண்டும்.

நான் கணக்காகத்தான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்கலாம், ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம். மூன்று நாள். உன்னைக் கேட்காமல் டிக்கெட்டே போட்டுவிட்டேன். கதிருக்குப் போன் செய்து சொன்னபோது அவன் குரல் இறங்கிவிட்டது.

"அங்கிள், இங்க என் பொசிஷன்ல ஆறு பேர் இருக்கோம். மூணு நாள் நான் இல்லன்னா என் இடத்துல வேற ஆள் நிப்பான். கோச் திரும்பக் கூப்பிட மாட்டார்."

"கூப்பிடலன்னா வா. வேலையா கிடைக்காது? விசா போனா வராதுடா" என்றேன்.

டிக்கெட்டை அச்செடுத்து உன் மேசையில் வைத்தேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீ சொல்லு" என்றேன். நீ படித்தாய். வெளியே நாற்பதடி கன்டெய்னர் ஒன்று நின்றது. எழுந்து போனாய். ஆகஸ்ட் வெயில், தகரப் பெட்டிக்குள் மிளகாய் மூட்டை. நினைத்தாலே மூக்கு எரிகிறது. ஒரு மணி நேரம் கழித்து, சட்டை பிழிகிற மாதிரி நனைந்து, கையுறையோடு அப்படியே உள்ளே வந்தாய்.

"சேட்டு, கதவு வரிசை போட்டுக்கிட்டு இருக்கும்போது பாதியில என்னைய டீ குடிக்கக் கூப்பிடுவியா?"

"அது எதுக்கு இப்ப?"

"கூப்பிடுவியா, மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப அவன மட்டும் ஏன்டா கூப்பிடுற?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானும் விடவில்லை. "அவன் என்ன, அந்த ஊர்க்காரனா? இன்னிக்கு வச்சுக்குவான், நாளைக்குத் துரத்துவான். துரத்தினா எங்க போவான்? நம்ம ஊருக்கா? அங்க அவனுக்கு உன் வீட்டுக்கு வழிகூடத் தெரியாது. பொறந்ததுலருந்து அவனுக்குன்னு இருக்கிற ஒரே கதவு இதுதான். அதையும் சாத்துறியே!" என்று கத்தினேன். குடோனில் இருந்த பஞ்சாபி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

நீ கத்தவில்லை. "முப்பது வருஷமா ஒரு நாள் விசா தவற விட்டதில்ல நான். எங்கப்பா செத்தப்பகூட ரினியூவல்ல பாஸ்போர்ட் மாட்டிக்கிச்சு, போகல. அந்தப் பயம் என்னோட போகட்டும். அவன் தலையில ஏத்தாத. கலாஸ், முடிஞ்சது. சாகட்டும் விசா."

அப்படிச் சொல்லிவிட்டு நீ கையுறையைக் கழற்றினாய். மறுபடி மாட்டினாய், மறுபடி கழற்றினாய். நான் பார்த்தேன். பயம் இல்லாமல் நீ அதைச் சொல்லவில்லை. பயத்தோடுதான் சொன்னாய். அதனால்தான் இன்றைக்கும் அது என் மனதில் அந்த எடையோடு நிற்கிறது.

விசா தானாகச் சாகட்டும் என்றுகூட நீ விடவில்லை. விசா மனு அடித்துக்கொடுக்கிற டைப்பிங் சென்டருக்கு நீயே போய் கேன்சலுக்குக் கையெழுத்துப் போட்டாய். நானும் கூட வந்தேன். அந்த மலையாளிப் பையனிடம், "காரணம்னு ஏதாவது கட்டம் இருக்கா தம்பி?" என்று கேட்டாய். இல்லை என்றான். "இருந்தா எழுதியிருப்பேன், மகன் விளையாடப் போயிருக்கான்னு" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாய். ஏதோ பட்டம் வாங்கியவன்போல இருந்தது உன் முகம்.

ஆகஸ்ட் கடைசியில் அவனை அணிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் வெளிப்படையாகச் சொல்கிறேன். அன்றைக்கு, "நான் அப்பவே சொல்லலியா?" என்பது வாய்வரை வந்தது. உன் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். நீ அன்றைக்கும் இரண்டு கன்டெய்னர் போட்டாய். மறுநாள் சாயங்காலம் கதிர் போன் செய்தான். அதே அணி பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டதாம். வாரம் முழுக்க அணியோடு பயிற்சி, ஆட்ட நாளில் வெளியே நிற்க வேண்டும். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் நின்றான். நீ மட்டும் அஜ்மானில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருந்த பாகிஸ்தானி சவரக்காரர், "விக்கெட் எத்தனை எடுத்தான் பாய்?" என்று கேட்பார். "விக்கெட்டும் இல்ல, ரன்னும் இல்ல. ஆள நிறுத்துவான்" என்பாய். அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். உன்னைப் போலீஸ்காரனுக்கு அப்பா என்று நினைத்திருப்பார்.

அடுத்த வருஷம் பட்டியலில் நின்றான். நமக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டம். தங்கச்சி முறுக்கு வைப்பாள். நான் ஷார்ஜா டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வந்து சேர்வேன். நான்கு வாரம் பார்த்தோம். அவன் கைக்குப் பந்து ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "பிடிச்ச பந்து சைபர். இப்படியே போனா அடுத்த வருஷம் வச்சுக்குவானா?" என்றேன்.

"பந்தப் பாக்காத சேட்டு. கோடியில நிக்கிறவனப் பாரு" என்றாய்.

ஐந்தாவது வாரம். உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீதான் எனக்குக் காட்டினாய். கதிருக்கு எதிரே நின்றவன் அவனைவிட ஒன்றரை மடங்கு அகலம். பந்து நகர்ந்ததும் கதிர் குனிந்து அவன் மார்புக்கடியில் இரண்டு கையையும் கொடுத்தான். காலை நறுக்கு நறுக்கென்று எடுத்து வைத்தான். அந்த மலை ஒரு அடி, இரண்டடி, மூன்றடி பின்னால் போனது. அந்த இடைவெளியில் பந்தோடு ஒருவன் நுழைந்து, புள்ளி கிடைக்கிற கடைசிக் கோடுவரை ஓடிவிட்டான். கூட்டம் முழுக்க ஓடியவன் பின்னால். கேமராவும் அவன் பின்னால். அஜ்மானில் ஒரு ஃபிளாட்டில் நீ மட்டும் எழுந்து நின்றாய்.

"பாத்தியாடா! பாத்தியா! கதவு தொறந்தானுங்க, ஒரு மூட்டை அசைஞ்சுதா?"

தங்கச்சி, "அவன் பந்தே தொடலியே, எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க? கீழ் வீட்டுக்காரன் வரப்போறான்" என்றாள். போனில் அந்த இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டி ஆறு தடவை எனக்குக் காட்டினாய். ஆறாவது தடவைதான் எனக்கு அவன் கால் தெரிந்தது. அந்தக் காலை நான் முன்பே பார்த்திருக்கிறேன் மச்சான். நாற்பதடிப் பெட்டிக்குள், மூட்டையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நீ வைக்கிற கால்.

அதற்கடுத்த ஜூனில் நீ போய்விட்டாய். காலையில் டியூட்டிக்குச் சட்டை மாட்டியவன், பொத்தான் முழுக்கப் போடவில்லை.

கதிர் வருவதற்கு நான்தான் விசிட் விசா எடுத்தேன். ஏர்போர்ட்டில் அவனை முதலில் பார்த்ததும் நான் கேட்டது, "உள்ள ஒண்ணும் தகராறு இல்லையே?" என்றுதான். என் புத்தி அப்படி. "துபாய்க்கு முதல் தடவையான்னு கேட்டாங்க அங்கிள். பொறந்தது இங்கன்னு சொன்னேன். அந்த ஆபீசர் பாஸ்போர்ட்ட ரெண்டு தடவை பாத்தார். வெல்கம் பேக்னு சொன்னார்" என்றான். அந்த இடத்தில்தான் எனக்கு உடைந்தது, உன் உடலைப் பார்த்தபோதுகூட அல்ல. நான் அவனுக்கு மிச்சம் வைக்கப் பார்த்த கதவு, உன் காரியத்துக்கு அவன் வரவேண்டிய நேரத்தில் எப்படியோ திறந்துதான் விட்டது. அந்தக் கதவைக் காப்பாற்றவென்றுதான், அவன் முகாமில் நிற்க வேண்டிய ஆகஸ்டை நான் கேட்டிருந்தேன்.

உன்னை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, காரியமெல்லாம் முடித்துவிட்டு, ஜூலைக் கடைசியில் அவன் நேரே முகாமுக்குப் போனான். தங்கச்சி இப்போது அவனோடு இருக்கிறாள். குளிர் தாங்கவில்லை என்று போனில் புலம்புகிறாள். கூடவே, கடையில் எல்லாரும் தன்னைக் கதிரின் அம்மா என்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றும் சொல்கிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாள்.

இப்போது நீ பார்க்காததைச் சொல்கிறேன். போன பருவத்தில் ஒரு ஆட்டம். கடைசி இரண்டு நிமிஷம், கதிரின் அணி நாலு புள்ளி பின்னால். கோட்டுக்கு ஐந்து கஜம். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோடியில் நிற்கிறவனைப் பார்த்தேன். எதிராளியைப் பிடித்தான். ஒரு தள்ளு தள்ளினான். இன்னொரு தள்ளு. அவன் தள்ளத்தான் வந்திருக்கிறான் என்று எதிராளி முழுசாக நம்பியதும், சட்டென்று தோளைச் சரித்துக் கழன்று, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினான். சுற்றி ஒருத்தனும் இல்லை. பந்து வந்தது. வலது கையின் சுட்டுவிரலில் பட்டு, உள்ளங்கையில் நின்றது. தையல் விட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

டிவியில் பேசுகிறவன், இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று கத்தினான். நான் எதிர்பார்த்தேன். முதல் தள்ளிலேயே தெரிந்துவிட்டது எனக்கு. நீ சொல்லிக்கொடுத்த இடத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே கோட்டைத் தாண்டியவன் எல்லாம் ஆடுவான், குதிப்பான், பந்தைத் தரையில் அறைவான். கதிர் பந்தை நடுவர் கையில் கொடுத்தான். இரண்டு கையுறையையும் இரண்டே தடவை சேர்த்துத் தட்டினான். ஓரமாகப் போய்விட்டான். கூட இருந்தவன் எவனுக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்கு அங்கே மிளகாய்த் தூசி பறப்பது தெரிந்தது.

இந்த மாதம் அவனுக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்று கோச் சொன்னதை எனக்குப் போனில் சொன்னான்: பந்து பிடிப்பதற்கு ஆள் நிறைய இருக்கிறார்களாம், கோடியில் நிற்பதற்குத்தான் ஆள் இல்லையாம். இரண்டு வருஷக் கான்ட்ராக்டில் வந்து, அது முடிவதற்குள் அடுத்ததை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் நாம். நம் பையனுக்கு மூன்று வருஷம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல், அஜ்மான்வரை போய், உங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருக்கிற அந்தச் சவரக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். "விக்கெட்?" என்றார். "ஆள நிறுத்துவான் பாய்" என்றேன். உன் குரல்போலவே வந்தது எனக்கு.

கதவு வரிசையை இப்போது நான்தான் போய்ப் பார்க்கிறேன். போட எனக்கு முதுகு இல்லை. சீல் போடுவதற்கு முன்னால் உள்ளே தலையை விட்டு, நீளம், குறுக்கு, சாய்மானம் மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் விடுவதில்லை. யார் போட்டது என்று கேட்டுப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டுத்தான் வருகிறேன். உனக்குச் செய்யாததை அவர்களுக்குச் செய்கிறேன்.

அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அன்றைக்கு நீ அதை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாய். "வச்சுக்க சேட்டு. ஒரு நாளைக்கு அவன்கிட்டக் காட்டுவ" என்றாய். கேன்சல் செய்தால் பைசா திரும்பாத டிக்கெட். மடிப்பில் கிழிந்துவிட்டது. எழுத்து அழிந்து, ஆகஸ்ட் என்பது மட்டும் தெரிகிறது. மிளகாய், மல்லி, அரிசி என்று முப்பது வருஷமாக எவ்வளவோ வாங்கியிருக்கிறேன் மச்சான், சரக்கு பார்த்து வாங்குவதில் என்னை ஏமாற்றியவன் கிடையாது. நான் வாங்கியதிலேயே நல்ல சரக்கு இதுதான். நம் பையன் அந்த விமானத்தில் ஏறவில்லை, அதனால்தான்.